ஃபார்மட் பண்ணக்கூடாத கம்ப்யூட்டருக்கு ஒரு குளோன்சில்லா

பெங்களூர் அல்சூர் மார்க்கெட் பக்கத்தில் அப்பா ஆரம்பித்த அச்சுக்கடை எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எல்லாம் தமிழ் வேலை. அத்தனையும் ஓடுவது ஒரே ஒரு பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டரில். மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிய சிஸ்டம் என்பதால் அதற்கு நெட் இணைப்பே கொடுப்பதில்லை. உள்ளே பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர், ஒரு தமிழ்க் கீபோர்டு சாஃப்ட்வேர், யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்டுகள் நானூறுக்கு மேல். கீபோர்டு சாஃப்ட்வேரின் சிடி எங்கே போனதென்று அப்பாவுக்கே தெரியாது. விற்றவர் கடையை மூடி வருஷக்கணக்காகிறது. அந்த ஃபான்ட் இல்லாமல் பழைய ஃபைலைத் திறந்தால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தலையில் கொம்பு வைத்த ஆங்கில எழுத்துகள் வரிசையாக நிற்கும்.

ஆனி கடைசியில் ஹார்ட் டிஸ்க் கிரக் கிரக்கென்று முனக ஆரம்பித்தது. டிஸ்க்கின் உடல்நிலை சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போட்டுப் பார்த்தேன், எச்சரிக்கை மஞ்சள் காட்டியது. சர்வீஸுக்கு வந்த பையன் அசரவில்லை. "அக்கா, எஸ்எஸ்டி மாட்டி ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் ஏத்திடலாம், அரை நாள் வேலை" என்றான். எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க். ஆனால் புதிதாக விண்டோஸ் ஏற்றினால் கீபோர்டு சாஃப்ட்வேரைத் திரும்பப் போட சிடி இல்லையே. ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினோரு பத்திரிகை கையில் இருந்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கும் சாஃப்ட்வேரை நானே தேட உட்கார்ந்தேன்.

முதலில் மாட்டியது 'இலவசம்' என்று பெரிதாகப் போட்டிருந்த ஒரு சாஃப்ட்வேர். டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்க விட்டது, படம் போட்டுக் காட்டியது, கடைசிப் பட்டனை அழுத்தியதும் பணம் கட்டச் சொன்னது. பெயர் வேண்டாம், இப்படி நிறைய உண்டு. முன்பெல்லாம் எல்லோரும் கைகாட்டிய மேக்ரியம் ரிஃப்ளெக்ட்டின் இலவசப் பதிப்பும் 2024 தொடக்கத்தோடு அப்டேட் இல்லாமல் நின்றுவிட்டது. காசு கொடுத்தால் நல்ல சாமான்தான். பெரிய டிஸ்க்கிலிருந்து சின்னதுக்கு மாற்றும்போது பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்துவைத்த பகுதிகளின், அளவைச் சரிசெய்துகொள்ள அதில் வழி இருக்கிறது. அந்த வசதியின் அருமை எனக்குக் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் புரிந்தது.

என் பழைய டிஸ்க் 500 ஜிபி. எஸ்.பி. ரோட்டில் விலை மலிவென்று 480 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி வந்தேன். உள்ளே இருப்பதே 140 ஜிபிதானே என்ற கணக்கு. நான் கடைசியில் தேர்ந்தெடுத்த நகல் சாஃப்ட்வேரான குளோன்சில்லாவுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். நகல் போய்ச் சேரும் டிஸ்க் பழைய டிஸ்க்கைவிடச் சின்னது, நகல் எடுக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. பார்ட்டிஷனைச் சுருக்கிவிட்டு, நிபுணர் மெனுவில் போய் அளவு பார்க்காதே என்று சொல்ல ஒரு வழி உண்டு. முனகுகிற டிஸ்க்கில் அந்த விஷப்பரீட்சைக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனால் "எக்ஸ்சேஞ்ச் ஆகல்ல மேடம்". பேசாமல் 512 ஒன்று வாங்கினேன்.

குளோன்சில்லா தைவான்காரர்கள் உருவாக்கியது, முழுக்க இலவசம். பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கம்ப்யூட்டரை பூட் செய்யவேண்டும், அதாவது துவக்கவேண்டும். மௌஸுக்கு வேலை இல்லாத எழுத்துத் திரை, பழைய ரயில்வே ரிசர்வேஷன் கவுன்ட்டர் மாதிரி. பயமுறுத்துவது ஒரே இடம்தான்: எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு டிஸ்க்கைக் காட்டி எதிலிருந்து எதற்கு என்று கேட்கும். மாற்றிச் சொன்னால் நானூறு ஃபான்ட்டும் அழிந்துபோகலாம். பக்கத்திலேயே மாடலும் சீரியல் நம்பரும் வரும். நான் டிஸ்க்கின் லேபிளைப் பார்த்துப் பத்திரிகை அட்டையின் பின்பக்கம் இரண்டு நம்பரையும் எழுதிவைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டேன். அதுவும் விடாமல் 'நிச்சயமா?' என்று மறுபடி மறுபடி கேட்டது. எங்கள் ப்ரூஃப் பார்க்கும் மாமாவைவிட மோசம்.

எழுதிய இடங்களை மட்டும் நகல் எடுப்பதால் ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்தது. பழையதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் புதியதைப் பூட் செய்தேன். இரண்டுக்கும் ஒரே அடையாளம் இருப்பதால் சேர்ந்திருந்தால் விண்டோஸ் குழம்பும். பேஜ்மேக்கரைத் திறந்து கீபோர்டில் 'ஸ்ரீ' அடித்தேன். வந்தது.

ஆனால் இது ஒருமுறை குடிமாற்றம் மட்டும். மாதாமாதம் எடுக்கிற பேக்கப்புக்கு டிஸ்க்கை ஃபைலாக்கி வைக்கும் இமேஜ்தான் தோது. அதற்கு நான் வைத்திருப்பது ரெஸ்கியூசில்லா. உள்ளே ஏறக்குறைய அதே சரக்கு, வெளியே பட்டனும் மௌஸும். குளோன்சில்லா எடுத்த இமேஜையும் இது படிக்கும். எடுத்த இமேஜைச் சரிபார்க்கத் தனிப் பட்டன் இருக்கிறது, கடையில் உதவிக்கு இருக்கும் பெண்ணே செய்துவிடுகிறாள். குறை என்றால், எடுக்கும் நேரம் முழுக்கக் கம்ப்யூட்டரைத் தொட முடியாது. நாங்கள் ஞாயிறு சாயங்காலம் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கிவிடுகிறோம்.

தம்பியின் லேப்டாப் போல விண்டோஸ் 11-இல் டிஸ்க்கை ரகசியக் குறியீடாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் கதை வேறு. இந்த சாஃப்ட்வேர்கள் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல் காலி இடத்தையும் சேர்த்து அள்ளும், நேரமும் இடமும் போகும். முதலில் அதை நீக்கிவிட்டு எடுங்கள், பூட்டைத் திறக்கும் 48 இலக்க மீட்புச் சாவியையும் தாளில் எழுதிவையுங்கள்.

அந்த 480 ஜிபி வீணாகவில்லை. முந்நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி கேஸ் வாங்கி மாட்டிவிட்டேன். மூன்று மாதத்து இமேஜ்கள் அதில்தான் இருக்கின்றன, வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.