வளர்வதற்கான பணம்: லாபமா, கடனா, பங்கா, அட்வான்ஸா?

விற்பனை கூடும்போதுதான் கையில் காசு குறையும். தொழில் நடத்தாதவர்களுக்கு இது விளங்காது. நடத்துபவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெரிய ஆர்டர் வருகிறது. சரக்கு வாங்கி, ஆட்களைக் கூட்டி, செய்து கொடுத்து, பில் போட்டுக் காத்திருக்கும் அந்த இரண்டு மாதத்துக்குள் சம்பள நாள் இரண்டு முறை வந்து போய்விடும். கணக்குப் புத்தகத்தில் லாபம் இருக்கும், வங்கிக் கணக்கில் ஒன்றும் இருக்காது.

இந்த இடைவெளியை அடைக்கச் சிறுதொழில் செய்பவருக்கு நான்கு வழிகள் உண்டு. வாடிக்கையாளரின் அட்வான்ஸும் சரக்குக் கொடுப்பவரின் தவணையும், சொந்த லாபம், கடன், பங்கு விற்றுத் திரட்டும் முதலீடு. எதற்கு வட்டி குறைவு என்றுதான் பெரும்பாலும் பேச்சு நடக்கிறது. நான் முதலில் கேட்பது வேறு இரண்டு கேள்விகள். இந்தப் பணம் எத்தனை நாளுக்கு வேண்டும்? நினைத்தது நடக்காமல் போனால், அது உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும்?

முதலில் ஒரு கணக்கு

சரக்கு 40 நாள் இருப்பில் கிடக்கிறது. விற்ற பிறகு பணம் வர 45 நாள். சரக்குக் கொடுத்தவருக்கு நீங்கள் 30 நாளில் கட்டுகிறீர்கள். 40-ஐயும் 45-ஐயும் கூட்டி 30-ஐக் கழித்தால் 55. கையை விட்டுப் போன காசு திரும்பி வர 55 நாள் ஆகிறது. நாள் செலவு 100 என்று வைத்துக்கொண்டால், 5,500 எந்நேரமும் தொழிலுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். விற்பனை இரட்டித்தால் அது 11,000 ஆகும். நாளுக்கு 8 லாபம் என்றால் வருடத்துக்கு 2,920. வீட்டுக்கு ஒரு காசு எடுக்காமல் அத்தனையையும் உள்ளே போட்டாலும், கூடுதலாகத் தேவைப்படும் 5,500-ல் ஏறக்குறைய பாதிதான் தேறும்.

இப்போது வசூலை மட்டும் 45 நாளிலிருந்து 30 நாளுக்குக் கொண்டு வாருங்கள். சுழற்சி 40 நாளாகிறது. இரட்டித்த விற்பனைக்குத் தேவை 8,000. அதில் 5,500 ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. பற்றாக்குறை 2,500 மட்டும். அதே ஒரு வருட லாபம் அதை அடைத்துவிடும், மீதியும் இருக்கும். கடனும் இல்லை, பங்கும் போகவில்லை. வேலை முடிந்த அன்றே பில் அனுப்புவது, பணம் தர வேண்டிய தேதியைப் பில்லிலேயே எழுதுவது, தேதிக்கு முந்தைய நாள் ஒரு போன் போடுவது என்று செய்ய வேண்டியதெல்லாம் சின்ன வேலைகள்தான். பலர் பணம் தேடி வெளியே அலைகிறார்கள். அது அவர்களுடைய பாக்கிப் பட்டியலிலேயே கிடக்கிறது என்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

அட்வான்ஸும் தவணையும்

ஆப்பிள் நிறுவனம் உருவான கதையில் இந்த வழி நன்றாகத் தெரியும். 1976-ல் பைட் ஷாப் என்ற கடை, கணினி ஒன்றுக்கு 500 டாலர் வீதம் 50 கணினிகள் கேட்டது, பொருள் வந்ததும் பணம் என்ற பேச்சில். ஆப்பிளைத் தொடங்கிய ஸ்டீவ் ஜாப்ஸிடமும் ஸ்டீவ் வோஸ்னியாக்கிடமும் அதற்கான முதல் இல்லை. அந்த ஆர்டரைக் காட்டி உதிரி பாகங்களை 30 நாள் தவணையில் வாங்கினார்கள். தவணை முடிவதற்குள் பூட்டிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டார்கள். உறுதியான ஆர்டர் கையில் இருந்தால் அதுவே முதலாகும்.

ஆனால் தவணை எப்போதும் இலவசம் என்று நினைக்க வேண்டாம். 10 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லாவிட்டால் 30 நாளில் முழுத் தொகை என்று பில்லில் போட்டிருப்பார்கள். 100-க்கான பில்லில் தள்ளுபடியை விட்டுவிட்டு 30-வது நாள் கட்டுபவர், 98-ஐ 20 நாள் வைத்துக்கொள்ள 2 கொடுக்கிறார். ஆண்டுக் கணக்கில் அது சுமார் 37 சதவீத வட்டி. இதைவிடக் குறைந்த வட்டியில் வங்கிக் கடன் கிடைக்குமென்றால், கடன் வாங்கித் தள்ளுபடியைப் பிடிப்பதே லாபம்.

அட்வான்ஸில் ஆபத்து வேறு மாதிரி. அது வரவு போலத் தோன்றும் கடன். ஒருவர் கொடுத்த அட்வான்ஸில் இன்னொருவரின் பழைய வேலையை முடிக்க ஆரம்பித்தால், புது ஆர்டர் நிற்கும் மாதத்தில் எல்லாம் ஒன்றாகச் சரியும். அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பவரை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன்.

சொந்த லாபம்

மெதுவான வழி. மின்னஞ்சல் வழி விளம்பரம் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் 2001-ல் தொடங்கியது, வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்தது. வலைத்தள வடிவமைப்பு வேலையில் வந்த வருமானம் ஆரம்ப வருடங்களில் அதைத் தாங்கியது. 2021-ல் இன்ட்யூட் என்ற மென்பொருள் நிறுவனம் அதைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்கியபோது, இடையில் பங்கு கேட்க எந்த முதலீட்டு நிறுவனமும் இல்லை. அதற்கு இருபது வருடம் பிடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போட்டியாளர் ஆறு மாதத்தில் சந்தையைப் பிடித்துவிடுவார் என்ற நிலையில் இந்த வழி உதவாது. அப்படிப்பட்ட சந்தைகள், பயம் காட்டப்படும் அளவுக்கு அதிகமில்லை என்பது என் எண்ணம்.

கடன்

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பது. 1,00,000 கடன், 12 சதவீதம் சம வட்டி (கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி), 12 மாதத் தவணை என்கிறார்கள். மொத்த வட்டி 12,000. மாதத் தவணை 9,333. கேட்க 12 சதவீதம்தான். ஆனால் நீங்கள் மாதாமாதம் அசலையும் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். வருடம் முழுவதும் ஒரு லட்சம் உங்கள் கையில் இல்லை. குறையும் நிலுவைக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 21 சதவீதத்துக்கும் மேல். இரண்டு கடன்களை ஒப்பிடும்போது சதவீதத்தைப் பார்க்காதீர்கள். கையில் வரும் தொகை, கட்டணங்கள் உட்பட மொத்தமாகத் திருப்பிக் கட்டும் தொகை, எத்தனை மாதம் என்ற மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

இரண்டாவது காலம். ஐந்து வருடம் உழைக்கும் இயந்திரத்தை ஆறு மாதக் கடனில் வாங்கினால், அது சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே கழுத்தைப் பிடிக்கும். இரண்டு மாதச் சரக்குக்கு ஐந்து வருடக் கடன் வாங்கினால், சரக்கு விற்றுத் தீர்ந்த பிறகும் தவணை ஓடும். முயன்றே பார்க்காத ஒரு புதிய பொருளுக்கு, புதிய சந்தைக்குக் கடன் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். சோதனை தோற்கலாம், தவணைத் தேதி தவறாமல் வரும்.

மூன்றாவது, யார் பொறுப்பு என்பது. மறுபடியும் ஆப்பிள். தொடக்கத்தில் மூன்றாவது கூட்டாளி ஒருவர் இருந்தார், ரொனால்ட் வெய்ன். பங்கு 10 சதவீதம். பன்னிரண்டே நாளில் அதை விட்டுக்கொடுத்து 800 டாலர் வாங்கிக்கொண்டார். இன்று வரை அவரைப் பார்த்து உச்சுக்கொட்டுபவர்கள் உண்டு. அவருடைய கணக்கு தவறு என்று நான் நினைக்கவில்லை. சாதாரணக் கூட்டாண்மையில் தொழிலின் கடனுக்குக் கூட்டாளிகள் தங்கள் சொந்தச் சொத்தோடு பொறுப்பு. மற்ற இருவரிடம் இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. வெய்னிடம் சொத்து இருந்தது. அந்த உதிரி பாகங்களுக்குப் பணம் கட்ட முடியாமல் போயிருந்தால் அவர் கதவைத்தான் தட்டியிருப்பார்கள். ஆகவே கடன் பத்திரத்தில் தனிநபர் உத்தரவாதம் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். தொழிலின் கடன் சொந்தச் சொத்தைத் தொடாதபடி நிறுவனத்தை லிமிடெட்டாகப் பதிந்திருந்தாலும், அந்த ஒரு கையெழுத்து உங்கள் வீட்டையும் உள்ளே இழுத்துவிடும்.

பங்கு

தவணை இல்லை, வட்டி இல்லை. தோற்றால் முதலீட்டாளரும் சேர்ந்து தோற்கிறார். சோதனை முயற்சிகளுக்குப் பொருந்தும் பணம் இதுதான். விலை பின்னால் தெரியும். முதலீடு திரட்டும் ஒவ்வொரு சுற்றிலும் 20 சதவீதம் கொடுத்தால் உங்கள் பங்கு 100, 80, 64 என்று இறங்கி மூன்றாவது சுற்றில் 51.2 ஆகும். இன்னொரு சுற்று வந்தால் பாதிக்குக் கீழே. வாக்குரிமை, இயக்குநர் குழுவில் இடம், எதற்கெல்லாம் முதலீட்டாளரின் சம்மதம் வேண்டும் என்ற ஷரத்துகள் அதற்கு முன்பே கையைக் கட்டிவிடவும் கூடும். ஆப்பிளில் 1977-ல் மைக் மார்க்குலா பணத்தோடும் அனுபவத்தோடும் பங்குதாரராக வந்தார். அவர் இல்லாமல் அந்த நிறுவனம் அந்த வேகத்தில் எழுந்திருக்காது. அதே நிறுவனத்தின் இயக்குநர் குழு 1985-ல் தலைமைச் செயல் அதிகாரி ஜான் ஸ்கல்லியின் பக்கம் நின்றபோது, ஜாப்ஸ் வெளியேறினார்.

பெரும்பணம் வேறொரு விதத்திலும் கெடுக்கும். வெப்வேன் என்ற மளிகை விநியோக நிறுவனம் 1999-ல் பங்குச் சந்தையில் சுமார் 37.5 கோடி டாலர் திரட்டியது. வாடிக்கையாளர் கூட்டம் சேரும் முன்பே மாபெரும் கிடங்குகளைக் கட்டியது. 2001-ல் மூடப்பட்டது. கையில் காசு குறைவாக இருந்திருந்தால் ஒரே ஒரு ஊரில் கணக்கைச் சரிபார்த்த பிறகே அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

நண்பரோ உறவினரோ போடும் பணத்தை இந்த நான்கில் எதில் சேர்ப்பது? பெரும்பாலும் எதிலும் சேர்க்காமல் வாங்கிக்கொள்கிறார்கள். கொடுத்தவர் அதைப் பங்கு என்று நினைத்திருப்பார், வாங்கியவர் கைமாற்று என்று நினைத்திருப்பார். தொழில் நன்றாகப் போகும் வருடத்தில்தான் இந்தச் சண்டை வெடிக்கும். பணம் கை மாறும் அன்றே ஒரு தாளில் கடனா பங்கா, எத்தனை சதவீதம், எப்போது திருப்புவது, ஒருவர் விலகினால் என்ன விலைக்கு என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். அரை மணி நேர வேலை.