மாமரம்: கொட்டை போடுவதா, ஒட்டுக்கன்று வாங்குவதா?

பங்கனபள்ளி இனித்தது என்று கொட்டையைப் புதைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அதில் பாதி மரபணுதான் தாய் மரத்துடையது, மீதி ஏதோ ஒரு மரத்து மகரந்தத்தில் பூச்சி சுமந்து வந்தது, தாய் தருகிற பாதியும் கொட்டைக்குக் கொட்டை மாறுவதால் பழம் புளிக்குமா, நாராக இருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. ஒலூர் போன்ற சில ரகங்கள் விதிவிலக்கு: ஒரே கொட்டையில் பல முளை வரும், பெரும்பாலானவை தாயின் நகல்.

ஒட்டுக்கன்றில் மேலே இருப்பது தாய் மரத்தின் கிளையேதான். அதனால் அதே மரபணு, அதே பழம், அதுவும் சீக்கிரமாக. வீட்டில் ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் யோசிக்காமல் ஒட்டு வாங்குங்கள்.

சரி, கொட்டைக்கன்று வீணா? இல்லவே இல்லை. நல்ல ரகங்கள் பலவும் எங்கோ தானாக முளைத்த கொட்டையில் கிடைத்தவைதான். இடம் இருந்தால் ஓரமாக நாலு கொட்டையும் போட்டு வையுங்கள்.