ரெஸ்யூமே எழுதித் தருகிறோம் என்று போன் வந்தால் உஷார், எனக்கு 11,800 ரூபாய் போச்சு

வேலை தேடும் தளத்தில் ப்ரொஃபைல் போட்ட கையோடு இவர்கள் போன் செய்துவிடுகிறார்கள். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுவார்கள், அதனால் சென்னையில் இருக்கிற ஒரு ரெஸ்யூமே சேவை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் பத்தாயிரம், ஜிஎஸ்டி 1,800, ஆக 11,800 ரூபாய்.

பேசிய பெண் முதலில் காசைப் பற்றி வாயே திறக்கவில்லை. "உங்க ரெஸ்யூமேக்கு ஏடிஎஸ் ஸ்கோர் 38தான் சார், எச்ஆர் கண்ணுக்கே போகாது" என்று சிவப்பு வட்டம் போட்ட ஒரு படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். (ஏடிஎஸ் என்பது வருகிற ரெஸ்யூமேக்களைப் படித்து வடிகட்ட கம்பெனிகள் வைத்திருக்கிற சாஃப்ட்வேர். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொன்று வைத்திருக்கிறது, எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஸ்கோர் என்று எதுவுமே கிடையாது.) நடுவில் ஏன் வேலையில் இல்லை என்று கேட்டார், அம்மாவுக்கு டயாலிசிஸ், கூட ஆள் வேண்டியிருந்தது என்றேன். "ஐயோ, இப்ப அம்மா எப்படி இருக்காங்க சார்?" என்று கேட்டார் பாருங்கள், அந்த ஒரு கேள்விக்குத்தான் ஜிபேயில் பணம் போனது. ப்ரொஃபைலை பூஸ்ட் செய்ய லாகின் வேண்டும் என்றார்கள், அதுவும் போனது.

வந்த ரெஸ்யூமேயில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, எக்ஸெலுக்கு நாலு ஸ்டார், டேலிக்கு நாலரை ஸ்டார், ஏதோ ஓட்டல் ரிவ்யூ மாதிரி. காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் காலேஜ் பெயரும் பழைய கம்பெனி பெயரும் ஒரே வரியில் கலந்து கிடக்கிறது, சாஃப்ட்வேர் படித்தாலும் இப்படித்தான் குழம்பலாம். ஏடிஎஸ் பெயரைச் சொல்லிக் காசு வாங்கியவர்கள் செய்த வேலை இது!

அதோடு விட்டார்களா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தளத்தில் ஏற்றிய ரெஸ்யூமேயில் "எஸ்ஏபி 2 வருட அனுபவம்" என்று சேர்த்திருக்கிறார்கள். எஸ்ஏபி பெரிய கம்பெனிகள் வைத்திருக்கிற சாஃப்ட்வேர், நான் டேலியில் கணக்கு எழுதுகிற ஆள். அம்பத்தூரில் இன்டர்வியூ எடுத்தவர் "வெண்டார் இன்வாய்ஸ் போட என்ன டி-கோட்?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். (டி-கோட் என்றால் எஸ்ஏபியில் ஒரு வேலையைத் திறக்க அடிக்கிற குறியீடு.) நான் விழிக்க, அவர் காகிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். அப்போதுதான் அந்த வரியையே பார்க்கிறேன். பதில் எஃப்பி60 என்று வீட்டுக்கு வந்து தேடித் தெரிந்துகொண்டேன்.

மாக் இன்டர்வியூ இரண்டு என்றார்கள், நடந்தது ஒன்று. கேமராவை அணைத்துவிட்டு ஒருவர் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார், கடைசியில் "கான்ஃபிடன்ஸ் பத்தல" என்றார். அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போகிறவனிடம் 2பி ரீகன்சிலியேஷன் (ஜிஎஸ்டி தளத்தில் வரும் 2பி அறிக்கையை நம் கொள்முதல் கணக்கோடு ஒப்பிடுவது) பற்றி ஒரு கேள்வி இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் "டீமுக்கு எஸ்கலேட் பண்ணிருக்கேன் சார்". அப்புறம் "அந்த மேடம் ரிலீவ் ஆயிட்டாங்க". அப்புறம் "சர்வீஸ் டெலிவர் ஆயிடுச்சு, ரீஃபண்ட் இல்லை". இப்போது ப்ளூ டிக் மட்டும். பில்லில் 1,800 ஜிஎஸ்டி போட்டிருக்கிறது, ஜிஎஸ்டி நம்பர் இல்லை! எவன் பாக்கெட்டுக்குப் போனது அந்த 1,800?

இன்டர்வியூ டிப்ஸும் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. பணம் கட்டும் முன் ஜிஎஸ்டி நம்பர் கேளுங்கள், எண்ணும் எழுத்தும் கலந்து மொத்தம் 15, தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும், ஜிஎஸ்டி தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். பாஸ்வேர்ட், ஓடிபி யாருக்கும் கொடுக்காதீர்கள். இல்லாத அனுபவத்தைச் சேர்க்க விடாதீர்கள், எங்கே வேலை பார்த்தோம் என்பது பிஎஃப் கணக்கிலேயே தெரிந்துவிடும். நுகர்வோர் உதவி எண் 1915, ஆன்லைன் பண மோசடிக்கு 1930. நான் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். 11,800 ரூபாயும் வந்தாக வேண்டும், விடப்போவதில்லை. இதே ஆட்களிடம் ஏமாந்தவர்கள் இருந்தால் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் செய்யுங்கள்.