அறத்துக்குத் தனித்தாளா, கணக்கோடு சேர்த்தா?

பொறியியல் மாணவர்களுக்கு அறமும் சமூகப் பார்வையும் வேண்டும் என்பதை இன்று யாரும் வெளிப்படையாக மறுப்பதில்லை. பொறியியல் படிப்புகளைச் சோதித்து அங்கீகரிக்கும் அமெரிக்க அமைப்பான அபெட் அதைக் கேட்கிறது. பொறியியல் படிப்புகளை ஒன்றுக்கொன்று இணையாக ஏற்க 1989-இல் உருவான வாஷிங்டன் உடன்படிக்கை நாடுகளின் பட்டதாரித் தகுதிகளிலும் அது இருக்கிறது. பாடத்திட்டத்தில் அதை எங்கே வைப்பது என்பதில்தான் இழுபறி. தனித்தாளாக வைக்கலாம், தொழில்நுட்பப் பாடங்களுக்குள்ளேயே கலக்கலாம், மாணவர்களை வெளியே அனுப்பி மக்களோடு வேலை செய்ய வைக்கலாம்.

நிர்வாகத்துக்குப் பிடித்தது தனித்தாள். ஒரு ஆசிரியர், கால அட்டவணையில் ஒரு கட்டம்; அங்கீகாரக் குழு வரும்போது காட்ட ஒரு கோப்பு. இப்படிக் கிண்டல் செய்தாலும், அதற்கென்று ஒரு பலம் உண்டு. சில விஷயங்களைப் பேச முழு வகுப்பு நேரம் வேண்டும். 1986 ஜனவரி 27 இரவு, குளிரில் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ஓ-வளையங்கள் இறுகிவிடும், சேலஞ்சர் விண்கலத்தை ஏவ வேண்டாம் என்று அந்த ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் வாதாடினார்கள். நிறுவனத்தின் நிர்வாகம் அவர்களைத் தாண்டி முடிவெடுத்தது. மறுநாள், ஏவிய 73 நொடிகளில் விண்கலம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு, சொன்ன பிறகும் கேட்காவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதை வேறொரு பாடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் பேசிவிட முடியாது.

ஆனால் மற்ற தாள்கள் எல்லாம் இதைப் பற்றி வாயே திறக்காதபோது, மாணவர் கற்றுக்கொள்வது வேறு: இது நம் வேலையில்லை. சமூகவியலாளர் எரின் செக் அமெரிக்காவின் நான்கு கல்வி நிறுவனங்களில் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு நகர நகரப் பொதுநலத்தின் மீதான மாணவர்களின் அக்கறை குறைந்துகொண்டே போனது. ஒரு தனித்தாள் இந்தச் சரிவைத் தூக்கி நிறுத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கலந்து நடத்தினால் எப்படி இருக்கும்? அசையாத பொருள்களின் மீதான விசைகளைக் கணக்கிடும் நிலையியல் வகுப்பையே எடுத்துக்கொள்வோம். கன்சாஸ் சிட்டி ஹயாட் ரீஜன்சி ஹோட்டலில் 1981 ஜூலை 17 அன்று இரண்டு தொங்கு நடைபாலங்கள் விழுந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில் கூரையிலிருந்து இறங்கிய ஒரே நீளக் கம்பிதான் மேல்பாலம், கீழ்ப்பாலம் இரண்டையும் தாங்கும். கட்டும்போது அதை இரண்டு கம்பிகளாக்கினார்கள்: ஒன்று கூரையிலிருந்து மேல்பாலத்துக்கு, இன்னொன்று மேல்பாலத்திலிருந்து கீழ்ப்பாலத்துக்கு. மேல்பாலத்து உத்தரத்தின் அடியில் இருக்கும் நட்டு முதல் திட்டப்படி தன் பாலத்தை மட்டும் தாங்கினால் போதும். மாற்றியபின் கீழ்ப்பாலமும் அதன் தலையில், சுமை இரட்டிப்பு. தனித்த பொருளின் விசைப்படம் வரையத் தெரிந்த முதலாண்டு மாணவருக்கே பிடிபடும் கணக்கு. மாற்றியபோது அந்தக் கணக்கு போடப்படவில்லை. வரைபடம் மட்டும் பொறியாளர் முத்திரையோடு போய்விட்டது. மாற்றத்தைக் கேட்டது உருக்கு வேலை செய்த நிறுவனம், முத்திரை வடிவமைப்பாளருடையது, பொறுப்பு யாருடையது? (உரிமம் பறிபோனது முத்திரை வைத்த தரப்பின் இரண்டு பொறியாளர்களுக்கு.) விசைப்படத்தை வரைந்து முடித்த கையோடு இந்தக் கேள்வி வரும்போது, அதை இன்னொரு துறையின் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது.

சிக்கல் ஆசிரியர்களிடம். இந்த விவாதத்தை நடத்தக் கட்டுமானப் பேராசிரியர் தயங்குவார். தயங்காவிட்டாலும், பாடம் முடிக்க நேரம் போதாதபோது முதலில் வெட்டுப்படுவது இதுதான். ஹார்வர்டில் 2017-இல் தொடங்கிய திட்டத்தில், கணினி அறிவியல் பாடங்களுக்குள் தத்துவத் துறையினர் வந்து அந்தந்தப் பாடத்தை ஒட்டிய பகுதியை நடத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதற்குத் தத்துவத் துறை என்று ஒன்று வேண்டும்.

களப்பணிக்கு முன்னோடி, பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995-இல் தொடங்கிய எபிக்ஸ். மாணவர் குழுக்கள் சேவை அமைப்புகளோடு சேர்ந்து, அவர்களுக்குத் தேவையானதை உருவாக்கித் தருகின்றன. சமூகச் சூழல் என்ற சொல்லுக்கு உயிர் வருவது இங்கேதான். கருவியைப் பயன்படுத்தப் போகிறவர் எதிரே உட்கார்ந்து முகம் சுளிப்பார். ஆபத்தும் இங்கேதான். செமஸ்டர் முடிந்ததும் குழு கலைந்துவிடும், கருவி பழுதானால் கேட்க ஆளிருக்காது. தொழில்முறைத் திட்டங்களே இதில் சறுக்கியிருக்கின்றன: குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் இறைக்கும் பிளேபம்ப், ஆப்பிரிக்காவின் தென்பகுதி ஊர்களில் பெரும் ஆரவாரத்தோடு வந்தது. விளையாடக் குழந்தைகள் இல்லாத நேரத்தில் பெண்கள்தான் அதைச் சுற்ற வேண்டியிருந்தது.

ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் என் ஓட்டு கலப்புக்கு. எல்லாப் பாடத்திலும் ஒரே ஆண்டில் வேண்டாம், மூன்று போதும். நிலையியலில் ஹயாட். கட்டுப்பாட்டுப் பொறியியலில், காற்றோடு விமானம் சாய்ந்திருக்கும் கோணத்தை அளக்கும் ஒரே ஒரு உணரியை நம்பி மூக்கைக் கீழே தள்ளிய, போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் எம்காஸ் என்ற தானியங்கி மென்பொருள். 2018, 2019 விபத்துகளில் 346 பேர் இறந்தார்கள். தரவுத்தளப் பாடத்தில், யாருடைய விவரத்தை எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்ற கேள்வி. தனித்தாள் ஏற்கெனவே இருந்தால் இறுதியாண்டுக்குத் தள்ளலாம். அப்போது பேச மாணவர் கையில் சரக்கு இருக்கும். களப்பணியை, அடுத்த ஆண்டும் அதே ஊருக்குப் போக ஆளும் பணமும் இருக்கும் கல்லூரிகள் மட்டும் தொடட்டும்.

மதிப்பெண்ணையும் மறக்கக் கூடாது. ஹயாட் கணக்கில் விசைப்படத்துக்கு ஆறு, ‘இந்த மாற்றத்தை யார் யாருக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்?’ என்ற துணைக் கேள்விக்கு நான்கு என்று பிரித்துக் கேட்கலாம்.