லாரி கேபினில் மூன்று வருடமாக ஒரு சுகர் மிஷின்

எனக்குச் சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். கப்பலூரில் லோடு ஏற்றினால் பெங்களூரு, ஐதராபாத் வழியாக நாக்பூர் வரை 44-ஆம் நம்பர் நெடுஞ்சாலைதான். ஒரு நடை போய்த் திரும்ப எட்டு, ஒன்பது நாள் ஆகிவிடும். 2022-இல் சர்க்கரை இருப்பது தெரிந்தது. மூன்று மாதச் சராசரி சொல்லும் எச்பிஏ1சி 9.6 இருந்தது. அடிக்கடி சுகர் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஓடுகிற வண்டியில் இருப்பவன் எந்த ஊர் லேபில் போய் நிற்பது? அதற்காக வாங்கியதுதான் இந்தக் கையடக்க மிஷின். அன்றிலிருந்து வண்டியிலேயே இருக்கிறது.

வாங்கிய புதிதில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்ப்பேன். நாலு புரோட்டா, சால்னா: 291. அது தெரிந்ததுதான். ஆனால் வடக்கே தாபாவில், சப்பாத்தி வகைதானே, சுகருக்கு நல்லது என்று நம்பி ஐந்து தந்தூரி ரொட்டி சாப்பிட்டேன், 254 காட்டியது. அடுத்த நடையில் அதே தாபாவில் இரண்டு ரொட்டி, கூட ஒரு கிண்ணம் பருப்பு, வெள்ளரி, தயிர். சாப்பிட்டதும் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வண்டியைச் சுற்றிப் பதினைந்து நிமிடம் நடந்தேன். 171! சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180-ஐத் தாண்டக் கூடாது என்பது டாக்டர் எனக்குச் சொன்ன கணக்கு. கோதுமையா அரிசியா என்பதைவிட எத்தனை என்பதுதான் முக்கியம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த மிஷினுக்காக நான் எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிப்பேன் என்று நினைக்க வைத்தது வேறொரு நாள். அடிலாபாத் தாண்டி ஒரு குடோனில் லோடு இறக்கக் காத்திருந்தோம். மாத்திரை போட்டுவிட்டேன், இதோ முடிந்துவிடும் என்று சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன். மதியம் ஆயிற்று. கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்தது. வெயில் என்றுதான் நினைத்தேன். குத்திப் பார்த்தால் 62. எழுபதுக்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். பதினைந்து நிமிடம் கழித்து 94. அப்புறம் சாப்பிட்டு, முக்கால் மணி நேரம் படுத்து எழுந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன். வெயில்தான் காரணம் என்று நினைத்தபடியே கிளம்பியிருந்தால்? இன்றும் அதை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. குளுக்கோஸ் பாக்கெட் இப்போது சீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

குறைகளும் உண்டு. மிஷினைவிட, அதில் செருகி ரத்தத் துளியைத் தொட்டுப் பார்க்கும் ஸ்ட்ரிப்தான் தொல்லை. 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று என் டப்பாவில் போட்டிருக்கிறது. மே மாதம் நாக்பூரில் பூட்டிய கேபின் எப்படிக் கொதிக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். முதல் வருடம் டேஷ்போர்டில் போட்டு வைத்தேன். ஊருக்கு வந்து லேபில் பார்த்தால் 148, அதே நேரம் மிஷினில் 215. லேபுக்கும் மிஷினுக்கும் 15 சதவீதம் வரை வித்தியாசம் இருக்கலாம். இது அதையெல்லாம் தாண்டிய தப்பு. புது டப்பா வாங்கிப் பார்த்ததும் சரியாகிவிட்டது. அதிலிருந்து தண்ணீர்க் கேன் பக்கம் நிழலில், துணி சுற்றி வைக்கிறேன். வண்டியை நிறுத்திவிட்டு வெளியே போனால் பையோடு தூக்கிக்கொண்டு போவேன். டப்பா திறந்த தேதியை மூடியிலேயே எழுதிவிடுவேன்.

இன்னொன்று, கை. நாக்பூரிலிருந்து ஆரஞ்சு ஏற்றி வரும்போது ஒருநாள் 312 காட்டியது. பயந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடி பார்த்தேன்: 166. சற்று முன்தான் பழம் உரித்திருந்தேன், அந்தச் சாறு விரலில் ஒட்டியிருந்திருக்கிறது. விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. கியர் போடும்போதும் உறுத்தாது.

செலவைச் சொல்ல வேண்டும். எனக்கு 50 ஸ்ட்ரிப் 900 ரூபாய்ப் பக்கம் ஆகிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுவதால் ஸ்ட்ரிப் வாங்கக் கட்டுப்படியாகிறது. நான் ரோட்டில் இருந்தாலும் வீட்டம்மா வாங்கி அடுத்த நடைக்கு எடுத்து வைத்துவிடுவார். போன மாதம் எச்பிஏ1சி 7.1.

கூட வரும் மாற்று டிரைவர் தம்பி, "அண்ணே, எனக்கும் ஒருதடவை குத்துங்க" என்று கேட்டார். ஊசியை மாற்றினாலும் குத்தும் பேனாவை இருவர் பயன்படுத்தக் கூடாது. ரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி பரவலாம். சேலத்தில் அவருக்குத் தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை வெறும் வயிற்றில் 139. ஊர் வந்ததும் லேபுக்கு நானே கூட்டிப் போகிறேன்.