நீர்மூழ்கி மாடல் கிட் வாங்கும் முன்: அலமாரியில் ஆண்டுக்கணக்கில் நின்ற மாடல்கள் கற்றுத்தந்தவை

நீர்மூழ்கி மாடல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த நிறுவனத்தின் கிட் நல்லது என்பதைத்தான். நான் பதிலுக்கு அவர்களிடம் கேட்பது வேறு. உங்கள் கைக்குப் பிடித்த வேலை எது? பொடிப்பொடியான பாகங்களை இடுக்கியால் எடுத்து ஒட்டுவதா, நீண்ட பரப்பு ஒன்றைக் குறையில்லாமல் தேய்த்து எடுப்பதா? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பெட்டியைத் தேர்வது பாதி முடிந்த மாதிரிதான். நீர்மூழ்கி கிட்கள் இந்த இரண்டு வேலைகளையொட்டித்தான் இரண்டாகப் பிரிகின்றன.

அதற்குக் காரணம் அசல் கப்பல்களிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்கால நீர்மூழ்கி, தேவைப்படும்போது மட்டும் மூழ்குகிற ஒரு கப்பல். ஜெர்மனியின் டைப் 7சி நீர்ப்பரப்பில் ஏறத்தாழ 17.7 நாட் (மணிக்கு 17.7 கடல் மைல்) வேகத்தில் ஓடியது, மூழ்கினால் 7.6 நாட்தான். அதன் வாழ்க்கையின் பெரும்பகுதி நீருக்கு மேலேயே கழிந்ததால் மேல்தளம், பீரங்கி, கைப்பிடிக் கம்பிகள், ஆன்டெனா வயர், பக்கவாட்டில் வரிசை வரிசையாகத் துளைகள் என்று கண்ணை நிறுத்தும் விஷயங்கள் ஏராளம். 1953-இல் அமெரிக்கா அல்பகோர் என்ற சோதனைக் கப்பலைக் கொண்டு நீர்த்துளி வடிவ உடலைப் பரிசோதித்தது. 1958-இல் நீரில் இறக்கப்பட்ட ஸ்கிப்ஜாக், அந்த வடிவத்தோடு அணுசக்தியைச் சேர்த்தது. அதன்பின் வந்த அணு நீர்மூழ்கிகளின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்பவை மிகக் குறைவு. மாடலிலும் அப்படியே: பாகங்கள் குறைவு, மறைக்க இடமும் குறைவு.

முதல் வகையில், அதாவது போர்க்கால நீர்மூழ்கிகளில், நான் மனதார சிபாரிசு செய்வது ரெவெல் நிறுவனத்தின் 1/72 (அசலில் 72-இல் ஒரு பங்கு) டைப் 7சி. முடிந்தபின் 93 சென்டிமீட்டர் நீளம். என் அலமாரியில் பல ஆண்டுகளாக நிற்கும் இந்த மாடலை இன்றும் நின்று பார்க்காமல் கடந்து போக முடியவில்லை. இதில் உயிர்நாடி பக்கவாட்டுத் துளைகள்தான். மேல்தளத்துக்கும் அழுத்தம் தாங்கும் உள்ளுடலுக்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் மூழ்கும்போது நீர் புகவும், மேலே வரும்போது வடியவும் வைத்த திறப்புகள் அவை. எந்தக் கிட் வாங்கினாலும் பெட்டியைத் திறந்ததும் இவற்றைப் பாருங்கள். வெறும் பள்ளமாக வார்த்திருந்தால், உட்புறத்திலிருந்து பிளாஸ்டிக்கை மெல்லத் தேய்த்து மெலிதாக்கி, பிறகு முன்புறமிருந்து கத்தி முனையால் திறக்கலாம். திறந்தபின் உட்புறத்துக்குக் கறுப்பு அடித்துவிட்டால், விளக்கொளி சாய்வாக விழும்போது ஒவ்வொரு துளைக்குள்ளும் ஆழம் தெரியும். வண்ணத்தால் வரைந்த துளைக்கு அந்த ஆழம் ஒருபோதும் வராது. பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் செலவழித்த ஒவ்வொரு மாலையும் கண்முன்னே நிற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். இந்தத் துளைகளின் அமைப்பு கட்டிய தளத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறும். அமெரிக்காவின் போர்க்கால நீர்மூழ்கியான காட்டோ வகையிலும் எலெக்ட்ரிக் போட் நிறுவனம் கட்டியவையும் அரசுக் கப்பல் தளங்களில் கட்டியவையும் இதில் வேறுபடுகின்றன. ஆகவே எந்தக் கப்பல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். டெக்கால் தாளில் (மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட தாள்) பிடித்த சின்னத்தைப் பார்த்துக் கடைசியில் கப்பலைத் தேர்ந்தெடுத்தால் சின்னத்துக்கும் உடலுக்கும் பொருந்தாமல் போகும்.

அளவு விகிதத்தை எண்ணாகப் பார்க்காமல் சென்டிமீட்டராகப் பாருங்கள். அதே டைப் 7சி 1/700-இல் 10 சென்டிமீட்டருக்கும் குறைவு, 1/350-இல் 19, 1/144-இல் 47, டிரம்பெட்டரின் 1/48-இல் 140. ரெவெலின் 1/72 காட்டோ 132 சென்டிமீட்டர். வாங்கும் முன் அந்த நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டையை வெட்டி, வைக்கப்போகும் இடத்தில் சில நாள் ஒட்டி வைத்துப் பாருங்கள். கட்டும் மேசையில் அதைத் திருப்ப இடம் இருக்கிறதா, வீடு மாறினால் எப்படி எடுத்துப் போவது என்பதெல்லாம் அப்போதே விளங்கிவிடும்.

1/350 பலருக்கும் வசதியான அளவு. ஹாபி பாஸ், ஸ்வெஸ்டா, ஏஎஃப்வி கிளப், மைக்ரோமிர் என்று இந்த அளவில் கிடைக்காத வகையே இல்லை எனலாம். டாமியாவின் ஐ-400 என்ற ஜப்பானியப் போர்க்கால நீர்மூழ்கி இந்த அளவில் எனக்கு மிகவும் பிடித்தது; அசல் 122 மீட்டர், மாடல் 35 சென்டிமீட்டர், அது சுமந்து சென்ற செய்ரான் விமானங்களும் கூடவே வருகின்றன. ஆனால் இந்த அளவில் பிளாஸ்டிக்குக்கு ஓர் எல்லை உண்டு. 0.4 மில்லிமீட்டர் தடிமனில் வார்த்த கைப்பிடிக் கம்பி, அசல் கப்பலில் 14 சென்டிமீட்டர் தடிமனுக்குச் சமம். அதனால் போர்க்கால நீர்மூழ்கியை 1/350-இல் கட்டுகிறவர் போட்டோ எட்ச் (மெல்லிய தகட்டை அரித்து எடுத்த) உலோகக் கம்பிகளையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும். அணு நீர்மூழ்கிக்கு அந்தக் கவலை இல்லை. ரஷ்யாவின் 175 மீட்டர் டைஃபூன் 1/350-இல் சரியாக அரை மீட்டர். கம்பீரம் முழுவதும் அதன் பருமனில்தான்.

இனி அந்த இரண்டாம் வகைக்கு, அணு நீர்மூழ்கிகளுக்கு, வருகிறேன். பாகங்கள் குறைவு என்பதால் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இங்கே எல்லாமே உடலின் இரு பாதிகளும் சேரும் அந்த ஒற்றை இணைப்புக் கோட்டில்தான் இருக்கிறது. என்னிடம் உள்ள ஒரு 1/350 அணு நீர்மூழ்கி, வண்ணம் அடித்த நாளில் வழவழவென்று இருந்தது. ஓராண்டுக்குப் பின் மேசை விளக்கின் கீழ் திருப்பிப் பார்த்தால், உடலின் நீளத்துக்கு ஓடும் ஒளிக்கீற்று இணைப்பு வரும் இடத்தில் மட்டும் மயிரிழை அளவு ஒடிந்து தெரிந்தது. பள்ளத்தை நிரப்பிய புட்டி (நிரப்புப் பசை) மெல்ல மெல்லச் சுருங்கியிருந்தது. கரைப்பான் கலந்த புட்டிகளின் இயல்பு அது. உருக்கி இணைக்கும் பசையும் முழுதாக உலர நாளாகும். அதற்குள் தேய்த்துவிட்டால் பிறகு பிளாஸ்டிக் உள்வாங்கும். இப்போது நான் உடலை ஒட்டியபின் சில வாரங்கள் தொடுவதே இல்லை. இடைவெளி பெரிதாக இருந்தால் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைச் செருகி ஒட்டுகிறேன். சிறிதாக இருந்தால் சூப்பர் குளூ ஊற்றி, அது கல்லாக இறுகும் முன் அன்றே தேய்த்துவிடுகிறேன். இப்படிச் செய்த மாடல்களில் அந்தக் கோடு இன்றுவரை எட்டிப்பார்க்கவில்லை.

எனவே கிட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உடல் எந்த வாக்கில் பிளந்திருக்கிறது என்பதை அவசியம் பாருங்கள். இடம் வலமாகப் பிளந்திருந்தால் இணைப்பு முதுகிலும் அடிவயிற்றிலும் வரும். கோபுரமும் மேல்தளமும் பாதியை மூடிவிடும், அடிப்பகுதியை யாரும் பார்ப்பதில்லை. மேல் கீழாகப் பிளந்திருந்தால் இணைப்பு இரு பக்கமும் கண்ணுக்கு நேரே ஓடும். வண்ணம் மாறும் கோடும் அதே இடத்தில் வந்தால் தப்பிக்கலாம், முழுக்கறுப்புக் கப்பலில் வழியில்லை. ஒலியை உறிஞ்சும் ரப்பர் ஓடுகளைக் காட்டக் கோடு கீறிய கிட் என்றால் கூடுதல் வேலை: தேய்க்கும்போது அழிந்த கோடுகளை மறுபடி கீற வேண்டும். 0.3 மில்லிமீட்டர் அகலக் கோடு 1/350-இல் பத்து சென்டிமீட்டர் அகல இடைவெளி ஆகிவிடும் என்பதால், ஆழக் கீறிய கிட்டைவிட மென்மையாகக் கீறியதையே நான் விரும்புகிறேன்.

நவீன நீர்மூழ்கிகளின் சுழலியை (கப்பலை உந்தும் பின்புற விசிறியை) பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கடற்படைகள் அதை மூடியே வைத்திருக்கும். 2007-இல் ஓஹையோ வகைக் கப்பல் ஒன்றின் சுழலி இணைய வரைபடத்தின் வான்வழிப் படத்தில் தெரிந்ததே செய்தியாயிற்று. கிட் தயாரிப்பாளர்களும் கிடைத்த படங்களை வைத்து ஊகித்தே வார்க்கிறார்கள்.

படங்களைப் பார்த்து வண்ணம் அடிப்பவர்கள் அருங்காட்சியகக் கப்பல்களை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியின் லாபோவில் நிற்கும் யு-995, போருக்குப் பின் நார்வே கடற்படையில் பணியாற்றி, பிறகு திருப்பித் தரப்பட்டுப் பழைய தோற்றத்துக்கு மீட்கப்பட்டது. வடிவத்துக்கு அது அருமையான ஆதாரம். வண்ணத்துக்கும் பழமைக்கும் போர்க்காலப் படங்களே துணை. துருவை அளவோடு வையுங்கள். கறுப்பு என்று பெயர் சொன்னாலும் சுத்தக் கறுப்பை அடிக்காதீர்கள். சாம்பல் கலந்த கறுப்பில்தான் வளைவுகள் உயிர் பெறும்.

ஆண்டுகள் கடந்தபின் எது தாக்குப்பிடித்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆன்டெனாவுக்குக் கட்டிய எலாஸ்டிக் நூல் தொய்யவே இல்லை, கை பட்டாலும் திரும்ப நேராகிறது. சூடாக்கி இழுத்த பிளாஸ்டிக் இழை பார்க்க அழகு, தூசி தட்டும் தூரிகை பட்டதும் போய்விட்டது. உலோகக் கைப்பிடிகள் வளைந்தால் பழைய நேர்த்தி திரும்புவதில்லை. அவை உள்ள மாடலுக்குக் கண்ணாடிப் பெட்டி கட்டாயம். எனாமல் வார்னிஷ் வெளிர்சாம்பல் நிறத்தின்மேல் மஞ்சள் பூத்தது, அக்ரிலிக் வார்னிஷ் அப்படியே இருக்கிறது. பெரிய உடல்களுக்குள் குறுக்குத் தடுப்புகள் ஒட்டி மூடியவை நிமிர்ந்து நிற்கின்றன. தாங்கிக்கான நட்டுகளையும் உடலை மூடும் முன்பே உள்ளே ஒட்டிவிடுங்கள், மூடியபின் அதற்கு வழி கிடையாது.

முதல் நீர்மூழ்கி கட்டுகிறவருக்கு என் தேர்வு 1/144 டைப் 7சி. இணைப்பு, துளை, கம்பி, வண்ணம் எல்லாம் கைக்கடக்கமான நீளத்தில் பழகிவிடும். இடம் குறைவு, ஆனால் பெரிய அளவின் நுணுக்கம் வேண்டும் என்பவர்கள் 1/35 குட்டி நீர்மூழ்கிகளைப் பாருங்கள். பிராங்கோவின் சீஹுண்ட் 34 சென்டிமீட்டர்தான், இத்தாலெரியின் பீபர் அதைவிடச் சிறியது. டாங்கி மாடல்களுடன் வரும் மனித உருவங்கள் அதே அளவு என்பதால், பக்கத்தில் ஒரு மாலுமியை நிறுத்தலாம். பீபருக்குள் ஒரே ஒரு மனிதன் உட்கார்ந்து போனான் என்பது அப்போது சட்டென்று விளங்கும். நான் அடுத்துக் கட்டப்போவதும் அதைத்தான்.