செத்த கினிபிக்கோடு வெள்ளவத்தைக்குப் போனோம்: ஒரு மிருக வைத்திய கிளினிக் பற்றி

கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. போட வேண்டாம் என்று டொக்டரே கேட்டுக்கொண்டார். ஆள் ஒருவர்தான், சனிக்கிழமைகளில் வரிசை இப்போதே கேற்றுக்கு வெளியே நிற்கிறது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், வீட்டின் கீழ்மாடியில் இருக்கிறது. விசாரித்தால் காட்டிவிடுவார்கள். கொழும்பில் நாய் பூனைக்கு வைத்தியர் கிடைப்பது கஷ்டமில்லை. கினிபிக், அதாவது வீட்டில் வளர்க்கும் அந்த வாலில்லாத சின்ன எலிச் சாதிப் பிராணி, என்றதும் பல இடங்களில் போனிலேயே கையை விரித்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றை ஏன் வெட்டினேன் என்பது கீழே வரும். நாற்பது வருடம் கணக்கு எழுதிச் சீவித்தவன், சும்மா வெட்டமாட்டேன்.

நாங்கள் இருப்பது கொட்டாஞ்சேனையில், மேல்மாடி வீடு. பேத்தியிடம் மூன்று கினிபிக் இருந்தன: கச்சான், பனங்கட்டி, மாலிங்க. முதல் இரண்டும் சகோதரிகள், தெரிந்தவர் வீட்டில் பிறந்தவை. மாலிங்க பிறகு ஒரு கடையில் வாங்கியது. கிரிக்கெட் வீரர் மாலிங்கவைப் போலத் தலைமயிர் நாலா பக்கமும் சுழித்து நிற்பதால் அந்தப் பெயர். ஆண் என்று சொல்லித்தான் கடைக்காரர் தந்தார். பெட்டை. தெரியவந்த பிறகும் பெயரை மாற்றப் பேத்தி சம்மதிக்கவில்லை.

மாலிங்க வந்து சில கிழமைக்குள், ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை கச்சான் கூட்டில் விறைத்துக் கிடந்தது. முதல் நாள் இரவு கொய்யாத் துண்டுக்காக வீடு அதிரக் கத்திய பிராணி. பனங்கட்டி மூலையில் மயிரைச் சிலிர்த்துக்கொண்டு, விலா எடுத்தெடுத்து மூச்சு விட்டது. புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கிளினிக் திறக்கும் முன்பே போன் எடுத்தேன். பேசியது அங்கே வேலை செய்யும் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. அழுகிற குழந்தையின் சத்தம் பின்னால் கேட்டிருக்கும். ஆனாலும் "ஐயோ பாவம்" என்று நேரத்தைக் கடத்தாமல் கேள்விகளை வரிசையாகப் போட்டது. எப்போதிருந்து சாப்பிடவில்லை? வீட்டில் நுளம்புச் சுருள் கொளுத்தினீர்களா, மாநகர சபை புகை அடித்ததா? பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அமொக்சிசிலின் பாணி ஏதாவது பருக்கினீர்களா? கடைசிக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. பென்சிலின் வகை மருந்தை வாயால் கொடுத்தால் கினிபிக்கின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் செத்து, நச்சுக் கிருமிகள் பெருகி, மருந்தே ஆளை முடித்துவிடுமாம். வீட்டு அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் பாணியை நல்ல நோக்கத்தோடு ஊற்றிவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றது. நாங்கள் ஒன்றும் கொடுக்கவில்லை.

பிறகு சொன்னது: செத்ததைத் துணியில் சுற்றி, பொலித்தீனில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீஸரில் வேண்டாம். உறைந்தால் உள்ளுறுப்புகள் பழுதாகி, வெட்டிப் பார்த்தாலும் காரணம் தெரியாதாம். வைப்பதற்கு முதல் மற்ற இரண்டும் அதைக் கொஞ்ச நேரம் மோந்து பார்க்கட்டும், இல்லாவிட்டால் தேடித் திரியும் என்றும் சொன்னது. வெள்ளிக்கிழமையில் என் மனைவி ஃப்ரிட்ஜில் முட்டையையே மேல்தட்டுக்கு நாடு கடத்துகிறவள். அன்றைக்குக் கச்சானுக்காகத் தயிர்ச்சட்டியைத் தானே எடுத்து வெளியில் வைத்தாள். அவளுக்கு அதில் எவ்வளவு பிரியம் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

டொக்டர் சிங்களவர். தமிழ் கொஞ்சம் கொச்சை, ஆனால் பயமில்லாமல் கதைக்கிறார். பனங்கட்டியை உடனே ஒட்சிசன் பெட்டிக்குள் வைத்தார். பிழைப்பது சந்தேகம் என்று பேத்தியின் முகத்தைப் பார்த்தே சொன்னார். கினிபிக் மற்ற மிருகங்களுக்கு இரையாகிற சாதி, வருத்தம் வந்தால் கடைசி வரைக்கும் மறைக்கும், வெளியில் தெரிகிற நேரத்தில் பாதி முடிந்திருக்கும் என்று விளங்கப்படுத்தினார். ஒரு மணித்தியாலத்துக்குள் அதுவும் போய்விட்டது.

இரண்டையும் வெட்டிப் பார்க்கலாமா என்று டொக்டர் கேட்டதும், செத்ததற்கு எதற்குச் செலவு என்றுதான் எனக்கும் வாயில் வந்தது. பேத்தி முந்திக்கொண்டு "பாருங்கோ டொக்டர்" என்றாள். பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டு நான் நின்று பார்த்தேன்.

மேல்மாடி வீடு, கொழும்பு வெக்கை, அதனால் சூடு தாக்கியிருக்கும் என்றுதான் அவரும் முதலில் நினைத்தாராம். இவற்றின் மூதாதையர் அந்தீஸ் மலைக் குளிரில் வாழ்ந்தவை, முப்பது பாகைக்கு மேல் போனால் தாங்காது. நெஞ்சைத் திறந்ததும் கதை மாறியது. நுரையீரல் ஈரல் மாதிரிக் கறுத்துக் கெட்டியாக இருந்தது. அதில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டுக் காட்டினார். நல்ல நுரையீரல் என்றால் மிதக்குமாம். இது நேரே அடிக்குப் போனது. இரண்டுக்கும் நிமோனியா. போர்டெடெல்லா என்ற கிருமியாக இருக்கும் என்று டொக்டர் அப்போதே சொன்னார். ஆய்வுகூடத்துக்கு அனுப்பிய மாதிரியின் முடிவும் பிறகு வாட்ஸ்அப்பில் அப்படியே வந்தது.

இந்தக் கிருமி நாய்களுக்கு இருமலைக் கொடுப்பது. முயல்கள் ஒரு வருத்தமும் காட்டாமல் காவித் திரியும். கினிபிக்குக்குத் தொற்றினால் ஆபத்து, சிலது மட்டும் தப்பிக் காவியாக நிற்கும். மாலிங்கவை வாங்கிய கடையில் முயலும் கினிபிக்கும் ஒரே கூட்டில் இருந்தன. கொழும்பில் அநேகமான கடைகளில் அப்படித்தான், ஒரு கடையைச் சொல்லிக் குற்றமில்லை. வாங்கப் போகிறவர்கள் முதலில் பக்கத்துக் கூட்டையும் பாருங்கள்.

திரும்ப உள்ளே வந்து இதைக் கேட்ட பேத்தி, "அப்ப மாலிங்கதான் ரெண்டு பேரையும் கொண்டதா?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. டொக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் உயரத்துக்குக் குந்தினார். "இல்ல மகள். அதுக்கும் யாரோ குடுத்தது. மருந்து குடிக்காட்டி அதுவும் சாகலாம். நீங்கதான் குடுக்கணும், காலையும் இரவும். ஏலுமா?" என்றார். அந்த ஒரு கேள்விக்காகவே நாலு நட்சத்திரம். வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழாமல் இல்லை, இரவில் எழும்பிக் கூட்டைப் போய்ப் பார்ப்பாள். ஆனால் மாலிங்கவை ஒதுக்கவில்லை. ஊசியில்லாத சிரிஞ்சைப் பல்லுக்குப் பக்கவாட்டில் வைத்து எப்படிப் பருக்குவது என்று ஹட்டன் பிள்ளை பொறுமையாகப் பழக்கியது. இப்போது எங்கள் வீட்டில் அவளை விட்டால் வேறு ஒருவருக்கும் அது சரிவராது.

மருந்தைத் தவிர அவர்கள் எதையும் தலையில் கட்டவில்லை. விற்றமின் சொட்டு மருந்து விற்பார்கள் என்று நினைத்தேன். வேண்டாம், தண்ணீரில் விட்டால் சத்துக் கெட்டுவிடும், குடைமிளகாயும் ஒரு துண்டு கொய்யாவும் கொடுங்கள் என்றார்கள். மனிதரைப் போலவே கினிபிக்கின் உடம்பாலும் விற்றமின் சி செய்ய முடியாது, நாளாந்தம் சாப்பாட்டில் கிடைத்தாக வேண்டும். வல்லாரையும் நல்லதாம். கிழமைக்கு ஒரு தடவை குசினித் தராசில் நிறுத்து எழுதச் சொன்னார்கள். மறைக்கத் தெரிந்த பிராணிக்கு நிறையை மறைக்கத் தெரியாது. அந்தக் கணக்குப் புத்தகம் என் பொறுப்பு.

இனி வெட்டிய நட்சத்திரம். காத்திருக்கும் அறை ஒன்றேதான். அல்சேஷன், ரொட்வைலர், இருமுகிற பொமரேனியன் எல்லாம் அங்கேதான். பயத்திலேயே உயிர் போகிற சின்னப் பிராணிகளை அதற்கு நடுவில் வைக்கிறார்கள். நாயின் கிருமி கினிபிக்குக்கு ஆகாது என்று உள்ளே பாடம் எடுக்கிற டொக்டர் வெளியறையைப் பற்றி யோசிக்கவில்லையா? கேட்டேன். இடமில்லை என்றார். ஓட்டோவில் இருங்கள், முறை வந்ததும் கூப்பிடுகிறோம் என்று ரிசப்ஷனில் சொன்னார்கள், அந்த வசதி இருப்பது கேட்டால்தான் தெரியும். ஒரு பலகை எழுதித் தொங்கவிட என்ன செலவு? இரண்டாவது, உடல்களைத் திருப்பித் தந்த விதம். கறுப்புக் குப்பைப் பை. பேத்தி கண்ணில் படுவதற்குள் என் துவாயால் மூடினேன். மாடி வீட்டுக்காரருக்குப் புதைக்க மண்ணும் இல்லை. புதைக்கக் கிளினிக் பொறுப்பெடுப்பதில்லை, அங்கேயே கொடுத்துவிட்டால் மற்ற மருத்துவக் கழிவோடு போகும். எங்களுக்கு வத்தளையில் மச்சான் வீட்டு முற்றம் இருந்தது. தெருநாய் கிளறாத அளவுக்கு ஆழமாகத் தோண்டிக் கொடுத்தார்.

செலவு மொத்தமாக மூன்று புதுக் கினிபிக் வாங்கும் காசுக்கு மேல். அதிகம்தான். ஆனால் வெட்டிப் பார்க்காவிட்டால் வெக்கை என்று நினைத்து மின்விசிறி ஒன்று வாங்கிப் பூட்டியிருப்போம், மாலிங்கவும் போயிருக்கும்.

இப்போது அது தனி. சுவிட்சர்லாந்தில் கினிபிக்கைத் தனியாக வளர்ப்பது சட்டப்படி குற்றம் என்று பேத்தி எங்கோ படித்துவிட்டு வந்து புதிது கேட்கிறாள். சட்டம் உண்மைதான். ஆனால் மருந்து முடிந்தாலும் கிருமி முழுதாகப் போனது என்று உறுதி தர முடியாது, வரப்போகிறதுக்கும் ஆபத்து என்று டொக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதனால் பின்னேரங்களில் நான்தான் கூட்டுக்குப் பக்கத்தில் பேப்பர் வாசிக்கிறேன். என் சத்தம் கேட்டால் விசிலடிக்கிறது. கொய்யா இருக்கிறதா என்று பார்க்கத்தான், வேறு பாசம் ஒன்றுமில்லை.

போகிறவர்கள் பிற்பகல் மூன்றுக்குப் பிறகு போங்கள், நாய்கள் குறைவு. காட் எடுப்பதில்லை, காசு கொண்டுபோங்கள். பௌர்ணமிப் போயா நாளில் பூட்டு. கூட்டைத் துணியால் மூடுங்கள், உள்ளே ஒரு பிடி கினிப்புல் வையுங்கள். காத்திருக்கிற நேரம் முழுக்க வயிறு காய்ந்தால் குடல் நின்றுவிடும், அது வேறொரு வருத்தம்.